கர்ப்பிணிகளும் கசப்பு மாத்திரையும்

சென்ற இதழ் வெளிவந்து ஒரு வாரம் இருக்கும். மொட்டை மாடித் தொட்டிகளைப் பார்க்க மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் பெண்கள். செயலாளர் ஊரில் இல்லாததால் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன். ஏ பிளாக் தொட்டியில் குறையில்லை. பி பிளாக் தொட்டி மூடியின் ஒரு மூலை உடைந்து, கை நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்த பெண், "சார், புழு இருக்கு, வந்து பாருங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டிப் படுத்த வாக்கில் மெல்லிய புழுக்கள். டெங்கு கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இப்படிப் படுத்துக் கிடந்தால் அது மலேரியா கொசுவின் இனம்.

மருந்தை ஊற்றிவிட்டு இறங்கும்போது அந்தப் பெண் கேட்டார்: "காய்ச்சல் யாருக்காவது இருக்கா சார்? கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?" எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். சில துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், மற்றவற்றை வாசலில் வைத்தேன். மறுநாள் அதில் ஒன்றை மடித்து, ஆடிக்கொண்டிருந்த செருப்பு அலமாரியின் காலுக்கு யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். கோபம் வரவில்லை. இதே வேலையை வேறு விதமாகச் செய்து தோற்றவன் நான்.

நம் குடியிருப்பில் பலருக்குத் தெரியும், நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கிராமத்தில் எங்களைக் 'கம்பவுண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் என்று யார் வந்தாலும் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் குளோரோகுயின் நாலு மாத்திரை கொடுத்தனுப்பிய காலம் அது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுப்போம். மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பதோடு, "தவறாமச் சாப்பிடணும்" என்று ஒரு அதட்டலும் போடுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த சுகாதாரக் கல்வி. ஒருநாள் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் மதகில் சிவப்பு மாத்திரைகள் கரைந்து ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அடுத்த முறை வந்த பெண்களை வரிசையில் நிற்கவைத்தே திட்டினேன். ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "பிள்ளை கருப்பாப் பொறக்கும்னு சொல்றாங்கய்யா" என்றாள். "சொல்றவங்க டாக்டரா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் வாய்க்காலில் போடவில்லை. வேறு எங்கோ போட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு படிக்கக் கிடைத்த நேரத்தில், மலேரியாவும் கர்ப்பிணிகளும் பற்றிய வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஒரு சம்பவம், அந்த வாய்க்கால் மதகை என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அதைச் சொல்வதற்கு முன், கசப்பு எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

மலேரியாவுக்கு உலகம் அறிந்த முதல் நல்ல மருந்து கொயினா. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்துப் பட்டையிலிருந்து எடுப்பது. 1860களில் ஆங்கிலேயர்கள் அந்த மரத்தை நம் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். நடுவட்டத்தில் அரசுக் கொயினா தொழிற்சாலையே நடந்தது. நாக்கில் வைத்தால் காது வரை கசக்கும். கசப்பை மீறி மக்கள் அதை விழுங்கினார்கள், காய்ச்சலின் கொடுமை அப்படி. ஆனால் கர்ப்பிணிகளிடம் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. கொயினா கருவைக் கலைக்கும் என்ற பேச்சு நாடு நாடாக இருந்தது. இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. வேண்டாத கருவைக் கலைக்க ரகசியமாகக் கொயினாவை அளவுக்கு மீறி விழுங்கிய பெண்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள், அதில் உயிரை விட்டவர்களும் உண்டு. மருத்துவர்களே இரண்டு கட்சியாக நின்றார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மலேரியாவே கருவைக் கலைக்கும். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறது, கொயினா சாப்பிடுகிறாள், மறுநாள் கரு கலைகிறது. குற்றம் யார் மேல் விழும்? காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. மாத்திரையோ கையில் இருக்கிறது, நாக்கில் கசக்கிறது. பழி மாத்திரைக்குத்தான். அளவாகக் கொடுக்கும் கொயினா கருவைக் கலைப்பதில்லை, கலைப்பது காய்ச்சல்தான் என்று மருத்துவ உலகம் தெளிவதற்கே காலம் பிடித்தது. அது தெளிந்த பிறகும் ஊருக்குள் இருந்த பேச்சு போகவில்லை.

மலேரியா கர்ப்பிணிகளை எப்படிப் பிய்த்துப் போடும் என்பதை நம் பக்கத்திலேயே ஒரு பெருங்கொள்ளை காட்டியது. 1934 கடைசியில் இலங்கையில் தொடங்கி 1935 வரை நீடித்த மலேரியா. மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் ஆற்றில் பிழைக்காத கொசு தேங்கிய குட்டையில் பெருகியது. கேகாலை போன்ற ஈரமான பகுதி மக்களுக்கு மலேரியா அதுவரை அதிகம் பழக்கமில்லாததால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கொழும்பில் மகப்பேறு மருத்துவராக இருந்த விக்கிரமசூரிய அந்தக் கொள்ளையில் தான் கண்ட கர்ப்பிணிகளைப் பற்றி எழுதியது 1937-இல் நூலாக வந்தது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளை இந்த நோய் எவ்வளவு கொடுமையாகத் தாக்குகிறது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதை மருத்துவ உலகம் இன்றும் அந்த நூலை வைத்துத்தான் நினைவுகூர்கிறது.

அந்த இலங்கைக் கொள்ளையில் எனக்குப் பிடித்த சிறு செய்தி ஒன்று உண்டு. காய்ச்சலில் பிழைத்தவர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். கிராமம் கிராமமாக உதவிக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், மார்மைட் என்ற சத்துப் பசையை, உள்ளூர் நாட்டு வைத்தியர் கொடுக்கும் குளிகை போல உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்களாம். அந்த வடிவத்தில் கொடுத்தால்தான் மக்கள் நம்பிச் சாப்பிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கம்பவுண்டரான எனக்கு அந்த அறிவு இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளோரோகுயின் வந்தது. மலிவு, பாதுகாப்பு, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். ஆப்பிரிக்காவின் பல நாடுகள், கர்ப்பிணிகள் நோய் வரும்வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை குளோரோகுயின் சாப்பிட வேண்டும் என்று விதி வைத்தன. நோய் வந்தவருக்குத்தானே மாத்திரை, வராதவருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அங்கேயும் பெண்கள் அதையேதான் கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல நஞ்சுக்கொடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மலேரியா எப்போதும் இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்த பெண், சிறு வயதில் பலமுறை காய்ச்சலில் விழுந்து எழுந்து, பெரியவளாகும்போது ஓரளவு எதிர்ப்புச் சக்தியோடு இருப்பாள். கொசு கடித்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. முதல் கர்ப்பத்தில் இந்தக் காப்பு உடைகிறது. ஏனென்றால் அவள் உடம்பில் புதிதாக ஒரு உறுப்பு வளர்கிறது, அதுதான் நஞ்சுக்கொடி. ஃபால்சிபாரம் வகை மலேரியாக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பொருளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. எதைப் பிடித்து ஒட்டுகின்றன என்பதே 1996-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய எதிர்ப்புச் சக்திக்கு இந்தப் புது இடத்துக் கிருமியை அடையாளம் தெரியாது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில்கூடச் சில சமயம் கிருமி தெரியாது, நஞ்சுக்கொடியில் குவிந்திருக்கும். தாய்க்குக் காய்ச்சலே இருக்காது. மெல்ல ரத்தசோகை வரும். குழந்தைக்குப் போக வேண்டிய சத்து குறையும், எடை குறைந்து பிறக்கும், சில பிறக்காமலே போகும். இரண்டாவது மூன்றாவது கர்ப்பத்தில் உடம்பு இந்த வகைக் கிருமியையும் பழகிக்கொள்ளும். அதனால் ஆப்பிரிக்காவில் அதிக ஆபத்து தலைச்சன் பிள்ளைக்கு.

ஆக, "உனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாய், ஆனாலும் வாரா வாரம் இந்தக் கசப்பைச் சாப்பிடு" என்று ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவளோ முதல்முறை கர்ப்பமாக இருக்கும் சிறு பெண். வீட்டில் மாமியார், தாய், பாட்டி என்று ஆளுக்கொரு பேச்சு. சுகாதாரக் கல்வியில் இதைவிடக் கடினமான பாடம் அதிகம் இருக்காது.

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் நீளமான ஏரியை ஒட்டிய சிறிய நாடு. ஏரியின் தென்முனைக்கு அருகில் மங்கோச்சி என்ற மாவட்டம். 1987 முதல் 1990 வரை அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து, எந்த மருந்து எவ்வளவு காக்கிறது என்று பெரிய ஆய்வு நடந்தது. மலாவியில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் ஒருமுறையாவது வந்தார்கள். மரத்தடியில் உட்காரவைத்து, செவிலியர் பாடம் சொல்லி, சில இடங்களில் பாட்டாகவே பாடி, மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன மாத்திரைகளில் பெரும்பகுதி வாய்க்குள் போகவில்லை. என் மதகுக் கதைதான்.

அதிகாரிகளின் முதல் விளக்கம் வழக்கமானது: படிப்பறிவு இல்லை, இன்னும் பாடம் எடுக்க வேண்டும். இந்த இடத்தில் டெபரா ஹெலிட்சர்-ஆலன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் மலாவிய மருத்துவர் ஜாக் விரிமா உள்ளிட்ட சிலரும் வேறு வேலை செய்தார்கள். பாடம் எடுப்பதற்குப் பதில் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள்.

முதலில் வார்த்தையிலேயே கோளாறு இருந்தது தெரிந்தது. மலேரியாவுக்கு உள்ளூர்ச் சொல்லாகச் செவிலியர்கள் 'மலுங்கோ' என்று சொல்லி வந்தார்கள். பெண்களுக்கு மலுங்கோ என்றால் காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்த எல்லாமே. அதில் பல வகை உண்டு. கொசுவால் வருவது ஒன்று. கடும் உழைப்பால், குளிரால், ஈரத்தால் வருவதாக அவர்கள் நினைத்தவை வேறு. நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்றால் ஒன்று, வெறும் காய்ச்சல் என்றால் ஆயிரம் அல்லவா, அதைப் போல. "இந்த மாத்திரை மலுங்கோ வராமல் தடுக்கும்" என்று செவிலியர் சொன்னதும், வயலில் மாரடித்தால் வரும் மலுங்கோவை மாத்திரை எப்படித் தடுக்கும் என்று அந்தப் பெண் மனதுக்குள் சிரித்திருப்பாள். அவள் அறிவுப்படி அது நியாயமான சிரிப்பு. மாத்திரை சாப்பிட்டும் ஒருத்திக்குச் சளிக்காய்ச்சல் வந்துவிட்டால், மொத்தப் பாடமும் பொய்யாகிவிடும்.

இரண்டாவது, கசப்பு. கர்ப்ப காலத்தில் கசப்பான மருந்து கருவைக் கலைத்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். கருவைக் கலைக்க நாட்டு முறையில் கொடுக்கும் மருந்துகள் கசப்பானவை. குளோரோகுயினும் கசக்கிறது. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. போதாததற்கு குளோரோகுயின் சாப்பிட்டால் ஆப்பிரிக்கர்களில் பலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நம்மிடம் இதற்கு இணையாக எத்தனை இருக்கின்றன! பப்பாளி சூடு, அன்னாசி சூடு, எள் சூடு, கர்ப்பிணி தொடக்கூடாது. எம்.பி.ஏ. படித்த பெண்களும் இதில் எதையும் மீறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியைவிட, ஆளைத் தெரிந்த பாட்டியின் வார்த்தைக்கு எடை அதிகம். மலாவிப் பெண்ணுக்கும் அப்படித்தான். அவள் மாத்திரையை எறிந்தது அலட்சியத்தால் இல்லை, பிள்ளையைக் காப்பாற்ற. வாய்க்கால் மதகில் கரைந்த சிவப்பு மாத்திரைக்கும் இதே காரணம்தான் என்பது எனக்கு முப்பது வருடம் தாமதமாகப் புரிந்தது.

காரணம் தெரிந்ததும் இரண்டு மாற்றங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று, பெண்கள் பேசும் மொழியில், அவர்கள் வகை பிரித்திருக்கும் விதத்தை மதித்துப் புதிய பாடம். மற்றொன்று, கசப்பு தெரியாதபடி மேல்பூச்சுப் போட்ட மாத்திரை. புதிய பாடத்தால் மாத்திரை சாப்பிடுவோர் கூடினார்கள். மேல்பூச்சு மாத்திரையோ அதைவிட நன்றாக வேலை செய்தது. பேச்சால் மாற்ற முடியாததை ஒரு மெல்லிய பூச்சு மாற்றியது. பூச்சு மாத்திரைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் அதே மங்கோச்சி ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. குளோரோகுயினுக்குக் கிருமி பழகிவிட்டது. ஒழுங்காக விழுங்கிய பெண்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. எத்தனையோ பாடுபட்டுச் சாப்பிட வைத்த மாத்திரை உள்ளே போய்ப் பாதி வேலைதான் செய்தது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. "மாத்திரை சாப்பிட்டும் வந்துதே" என்று யாராவது ஒருத்தி சொல்லியிருப்பாள், "நீ ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டே" என்று என்னைப் போல ஒருவர் அதட்டியிருப்பார்.

1993-இல் மலாவி குளோரோகுயினைக் கைவிட்டது. ஆப்பிரிக்காவில் அப்படி முதலில் செய்த நாடு அதுதான். அதன் இடத்தில் சல்ஃபடாக்சினும் பைரிமெத்தமினும் சேர்ந்த மாத்திரை வந்தது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இது மருந்து மாற்றத்தோடு நிற்கவில்லை, முறையே மாறிப்போனது. வாரா வாரம் வீட்டில் தனியாகச் சாப்பிட வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் சிலமுறை பரிசோதனைக்கு வரும்போது, மூன்று மாத்திரைகளை ஒரே தடவையில், செவிலியர் கண் முன்னால் விழுங்கிவிட்டுப் போகலாம். வீட்டுக்குக் கொண்டுபோக மாத்திரையே இல்லை என்றால் வாய்க்கால் ஏது, பாட்டி ஏது. மலாவியில் தொடங்கியது ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் பரவியது. நான்காம் மாதத்திலிருந்து ஒவ்வொரு பரிசோதனையின் போதும், குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, இதைக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் பரிந்துரைத்தது. கூடவே மருந்தில் நனைத்த கொசுவலையும்.

புது முறையிலும் சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள் வந்தன. கேட்டால் சிரிப்பீர்கள். செவிலியர் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்றால் குடிதண்ணீர் வேண்டும், டம்ளர் வேண்டும். பல நிலையங்களில் இரண்டும் இல்லை. இருந்த ஒரே டம்ளரில் எல்லோரும் குடிக்க யோசித்தார்கள். வெகுதூரம் நடந்து காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு, சாப்பிடாமல் மாத்திரை போடக்கூடாது என்று செவிலியர்களே திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. இந்த மாத்திரைக்கு அப்படி விதியே கிடையாது. கண்டங்களைக் கடந்து மருந்து வந்து சேர்ந்திருக்கும், ஒரு டம்ளர் தண்ணீர் வந்திருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை, பெண்கள் பரிசோதனைக்குத் தாமதமாக வருவது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் கர்ப்பத்தை ஆரம்பத்தில் வெளியே சொல்லமாட்டார்கள். பொறாமைக் கண் படும், யாராவது சூனியம் வைப்பார்கள் என்ற பயம். வயிறு தெரிந்த பிறகு, ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் வருவார்கள். அதற்குள் சாப்பிட வேண்டிய தவணைகளில் ஒன்றிரண்டு போய்விடும். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், ஆப்பிரிக்காவில் மலேரியா உள்ள நாடுகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் மலேரியாத் தொற்றுக்கு ஆளாயின என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மூன்று தவணை மாத்திரையும் கிடைத்தவர்கள் 42 சதவீதம் மட்டுமே.

இதெல்லாம் ஆப்பிரிக்கக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கும் முறை கிடையாது. காய்ச்சல் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை, மலேரியா என்று தெரிந்தால் சிகிச்சை, வராமல் இருக்கக் கொசுவலை. சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை. ஃபால்சிபாரம் அளவுக்குக் கொடியதில்லை என்றாலும் கர்ப்பிணிக்கு ரத்தசோகையும் குழந்தைக்கு எடைக்குறைவும் தரும். அதில் ஒரு சங்கடமும் உண்டு. வைவாக்ஸ் கிருமி ஈரலில் ஒளிந்துகொண்டு சில வாரம், சில மாதம் கழித்துத் திரும்ப எழும். ஒளிந்திருப்பதைக் கொல்லும் பிரைமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாது, வயிற்றிலுள்ள குழந்தையின் ரத்த அணுக்கள் அதைத் தாங்குமா என்பது தெரியாது. அதனால் அப்போதைய காய்ச்சலை மட்டும் அடக்கிவிட்டுப் பிரசவம் வரை கவனமாக இருக்க வேண்டியிருக்கும். இங்கே ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு இருக்கும் பழகிய எதிர்ப்புச் சக்தியும் நமக்குக் கிடையாது. தலைச்சனோ கடைக்குட்டியோ, ஆபத்து ஒன்றுதான். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. இதை மட்டும் பழைய கம்பவுண்டர் குரலிலேயே சொல்கிறேன்.

பி பிளாக் தொட்டியில் பார்த்தோமே, அந்தக் கொசுவின் பெயர் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. மற்ற மலேரியா கொசுக்கள் வயலையும் ஓடையையும் தேடும். இது நகரத்துக் கொசு, மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப் என்று மனிதன் சேர்த்து வைக்கும் சுத்தமான தண்ணீரைத் தேடும். சென்னையில் மலேரியா இத்தனை காலம் நீடித்ததற்கு இதுவே முக்கியக் காரணம். இப்போது இது ஊர்விட்டு ஊர் போகிறது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் பெற்றது, அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசுவைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் 2012-இல் ஜிபூட்டியிலும், பிறகு எத்தியோப்பியாவிலும் தென்பட்டது. 2022-இல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் மலேரியா பெருகியபோது அதற்கு இந்தக் கொசுவே காரணம் என்று கண்டறிந்தார்கள். நகரத்தில் இருந்தால் மலேரியா இல்லை என்று நிம்மதியாக இருந்த ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளின் மொட்டை மாடிக்கும் நம் தொட்டிக் கொசு போய்ச் சேர்ந்துவிட்டது.

தொட்டி மூடியை மறுநாளே மாற்றிவிட்டோம், பொருளாளர் கையோடு ரசீது வைத்திருக்கிறார். சம்ப் மூடியின் ரப்பர் விளிம்பும் புதிது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிரசுரத்தைக் கிழித்துவிட்டு, அதிலிருப்பதைப் பெரிய எழுத்தில் நாலே வரியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் லிஃப்டில் பி பிளாக் மாமி ஒருவர் கூட ஏறினார். இரண்டாவது மாடி தாண்டியதும் குரலைத் தாழ்த்தி, "சார், அன்னிக்கு கார்ப்பரேஷன்காரங்க கேட்டாங்களாமே, கர்ப்பிணி யாராவது இருக்காங்களான்னு" என்றார். ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். "இருக்கா சார், எங்காத்துலதான். மூணு மாசம் ஆகலை, அதனால நான்தான் வெளியில சொல்ல வேண்டாம்னு சொல்லிண்டிருக்கேன். கொசுவலை எந்த சைஸ் வாங்கணும்?"